‘ஒரு மாதிரியா இருக்குங்க’: சிகிச்சை அறையில் தங்கிவிடும் சொற்கள்

1. மௌனம் யாருடையது?

பழனிக்கு வடக்கே, தாராபுரம் போகும் திசையில், மக்காச்சோளமும் முருங்கையும் தென்னையுமாக விரியும் வறண்ட நிலம் தொப்பம்பட்டி ஒன்றியம். நிர்வாகத்தில் அது திண்டுக்கல் மாவட்டம், பேச்சில் கொங்கு. இங்கே மனம் உடைந்துபோன ஒருவர் ‘மனம் உடைந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ‘நெஞ்சு படபடங்குதுங்க’, ‘தலை பாரமா இருக்குது’, ‘கை கால் அசந்து போச்சு’, ‘சோறு எறங்க மாட்டேங்குது’ என்பார். எதிலும் அடங்காதபோது, ‘ஒரு மாதிரியா இருக்குங்க’ என்பார். ஓ.பி. சீட்டில் அது ‘உடல் சோர்வு’ என்று பதிவாகும். சத்து மாத்திரை கிடைக்கும். வற்புறுத்திக் கேட்டால் ஊசியும் போடுவார்கள்.

சிலர் இந்தக் கட்டத்தைத் தாண்டி மனநல ஆலோசகர் முன்னால் போய் உட்காருகிறார்கள். ‘மனசுல இருக்கறத எதுவா இருந்தாலும் சொல்லுங்க’ என்கிறார் ஆலோசகர். கேள்வி கனிவானதுதான். ஆனால் அந்த இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது. புடவைத் தலைப்பு விரலில் சுற்றப்படுகிறது. கண்கள் உடன் வந்தவரை நோக்கித் திரும்புகின்றன. ‘ஒண்ணுமில்லைங்க’ என்று பதில் வருகிறது.

இந்த ‘ஒண்ணுமில்லை’ எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உணர்ச்சியைச் சொல்லாக்கும் திறன் அந்த மனிதருக்குக் குறைவா? அவர் வளர்ந்த பண்பாடு அதை அடக்கி வைக்கப் பழக்கியதா? அல்லது, சொல்வதற்கு ஏற்ற இடமாக அந்த அறை இல்லையா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. முதலிரண்டு விளக்கங்களும் தேவைக்கு மேல் செல்வாக்குப் பெற்றுவிட்டன, மூன்றாவது போதிய கவனம் பெறவில்லை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. திறன் குறைவு என்ற விளக்கம்

1970களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகர மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ், தம் நோயாளிகள் சிலருக்குத் தாம் என்ன உணர்கிறோம் என்று பிரித்துச் சொல்லவே வரவில்லை என்பதைக் கவனித்தார். உணர்ச்சிக்குச் சொல்லின்மை என்று பொருள்படும்படி கிரேக்க வேர்களைக் கோத்து அதற்கு ‘அலெக்ஸிதைமியா’ என்று பெயர் வைத்தார். பின்னர் டொராண்டோ ஆய்வாளர்கள் இதை அளக்க 20 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் பயன்படுவது அதுதான்.

பயனுள்ள கருத்துதான். ஆனால் ஒரு கருத்துக்குப் பெயர் கிடைத்ததும் அது கிளை பரப்பத் தொடங்கிவிடுகிறது. கீழை நாட்டவர், கிராமத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லோரும் உணர்ச்சிச் சொல் வளம் குறைந்தவர்கள், ஆகவே உடம்பின் வழியாகப் பேசுகிறார்கள் என்ற முடிவுக்கு அதை இழுத்துச் சென்றவர்கள் உண்டு. மாண்ட்ரியல் ஆய்வாளர் லாரன்ஸ் கிர்மேயர் 1987இல் இதைக் கேள்விக்குட்படுத்தினார். பேசத் தெரியாமை என்று மருத்துவர் குறித்துக்கொள்வது, பல நேரங்களில் இருவருக்கும் இடையிலான சமூகத் தொலைவின் விளைவு என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழை வைத்துப் பார்த்தால் ‘சொல் வளம் குறைவு’ என்பது சிரிப்பை வரவழைக்கும். ஆற்றாமை, ஏக்கம், அங்கலாய்ப்பு, மனத்தாங்கல், வெறுப்பு, சலிப்பு, புழுக்கம், குமுறல், குறுகுறுப்பு, விரக்தி என்று நீளும் பட்டியலை எந்தக் கிராமத்துப் பாட்டியும் அகராதியின்றிச் சொல்வார். வருத்தத்துக்கும் மனத்தாங்கலுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் துல்லியமாகத் தெரியும்: பின்னதில் உரிமையுள்ள ஒருவர் மீதான குறை இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். பேச்சே மருந்து என்ற சிகிச்சை முறையின் தொடக்கக் கதையே பேச முடியாமையின் கதை. 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஜோசப் பிராயர் சிகிச்சையளித்த பெர்த்தா பாப்பென்ஹைம் என்ற இளம்பெண்ணுக்கு ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் பேச வரவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசினார். அந்தச் சிகிச்சைக்கு ‘பேச்சு வைத்தியம்’ என்று அவர் சூட்டிய பெயரும் ஆங்கிலப் பெயரே. பிராயரும் ஃப்ராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் ‘அன்னா ஓ.’ என்ற புனைபெயரில் வருபவர் இவர். நெருக்கமான மொழியில் சொல்ல முடியாததைத் தள்ளி நிற்கும் மொழியில் சொல்வது படித்த தமிழர்களுக்கும் பழக்கமானதே. ‘டிப்ரஷன்’, ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொற்கள் சென்னையில் செய்யும் வேலையைத் தொப்பம்பட்டியில் ‘டென்ஷன்’ செய்கிறது. கடன்காரன் வந்ததும் டென்ஷன், மருமகன் குடிப்பதும் டென்ஷன், இனி வாழ வேண்டாம் என்று தோன்றுவதும் டென்ஷன்தான். கேட்பவர் அதற்குமேல் கேட்காவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

3. உடம்பு பேசுகிறது என்ற விளக்கம்

இரண்டாவது விளக்கம் பண்பாட்டைக் கைகாட்டுவது. இதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1980இல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று குறிக்கப்பட்ட 100 பேரைச் சோதித்தபோது, அவர்களில் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வு இருந்தது. நரம்புத் தளர்ச்சி என்ற பெயர் தமிழ்நாட்டுக்கும் நன்கு அறிமுகமானதே. லாட்ஜில் அறை எடுத்து, தேதி குறித்து, ஊர் ஊராக வரும் வைத்தியர்களின் சுவரொட்டிகளில் அது இன்றும் இருக்கிறது. மனச்சோர்வு என்று எழுதினால் அந்த அறைக் கதவை யார் தட்டுவார்கள்?

ஆய்வாளர்கள் ராகுராம், மிட்செல் வைஸ் முதலியோர் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 80 புறநோயாளிகளிடம் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம் தருகிறது. மனச்சோர்வின் அறிகுறிகள் கூடக் கூட நோயாளிகள் சொன்ன அவமான உணர்வும் கூடியது. உடல் உபாதைகள் மிகுந்தவர்களிடம் அது குறைந்தது. தலைவலி எல்லோருக்கும் வரும். அதைச் சொன்னால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகாது. உடம்பைச் சொல்வது அறியாமையால் நேர்வதன்று, அது கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு என்றே இந்த ஆய்வை வாசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் இலக்கணமும் இந்த விளக்கத்துக்குத் துணை நிற்பதுபோல் தோன்றும். உணர்ச்சிக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் ‘மெய்ப்பாடு’. மெய்யில் படுவது, உடம்பில் தோன்றுவது. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான அழுகை நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்கிறது அது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்னிருந்த நிலை குலைவது, இல்லாமை. மனச்சோர்வின் சமூகக் காரணங்கள் பற்றிய இன்றைய பாடநூல் அத்தியாயம் ஒன்றை இந்த நான்கு சொற்களின்கீழ் எழுதிவிடலாம். மனம் வேறு உடம்பு வேறு என்று பிரிக்காத இந்த மரபில், ‘நெஞ்சு அடைக்குது’ என்பதைத் துயரத்தின் மாற்றுப் பெயராகக் கொள்ளத் தேவையில்லை. அதுவே துயரம்.

ஆயினும் பண்பாட்டு விளக்கத்தோடு இங்கே நின்றுவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 15 மையங்களில் நடத்திய ஆய்வின் தரவுகள் 1999இல் வெளியாயின. பெங்களூரும் அம்மையங்களில் ஒன்று. மனச்சோர்வு இருந்த 1,146 பேரில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் வந்தபோது உடல் உபாதைகளை மட்டுமே சொன்னார்கள். உடம்பால் பேசுவது கீழை நாட்டுக் குணம் என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. நேரடியாகக் கேட்டபோதும் மனத்துயரத்தை மறுத்தவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. மீதிப்பேர், கேட்டால் சொன்னார்கள். மையத்துக்கு மையம் வேறுபாடு இருந்ததற்கு ஆய்வாளர்கள் கண்ட தொடர்பு மதமோ மொழியோ பற்றியதன்று. நோயாளிக்குத் தொடர்ந்து பார்க்கும் சொந்த மருத்துவர் இல்லாத இடங்களில் உடல் உபாதையை மட்டும் சொல்வது அதிகமாக இருந்தது.

மூன்றாவது விளக்கத்துக்கான கதவை இந்த முடிவுதான் திறக்கிறது. முகம் தெரிந்தால் வாய் திறக்கிறது.

4. சொல்வதற்கென்று இருந்த இடங்கள்

தமிழ்ச் சமூகம் துயரத்தைச் சொல்லவே விடவில்லை என்பது உண்மைக்குப் புறம்பானது. யார் சொல்வது, யாரிடம், எந்த வடிவத்தில் என்பதற்குத்தான் அது விதி வகுத்தது.

அகத்திணையை எடுத்துக்கொள்ளலாம். தலைவி தன் காதலைத் தாயிடம் நேரே சொல்வதில்லை. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் என்று அறத்தொடு நிற்றல் படிப்படியாக நகர்கிறது. சொல்லக் கடினமான ஒன்று நான்கு பேர் வாய் மாறி, ஒவ்வொரு படியிலும் சற்றே ஆறி, கடைசியில் கேட்க வேண்டியவர் காதை அடைகிறது. இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே மரபு காட்டுகிறது. மகள் மெலிகிறாள், நிறம் வெளுக்கிறாள், வளை கழல்கிறது. தாய் வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு உருட்டி, முருகன் அணங்கியது என்று குறி சொல்ல, ஆடு பலியாகிறது. தவறான நோய்க்கணிப்பு பற்றி உலக இலக்கியத்தில் உள்ள பழைய சித்திரங்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பழனி மலையடியில் வாழ்பவர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் முழுதாக அந்நியமாகிவிடவில்லை. குறி கேட்கப் போகிறவர் இன்றும் தன் குறையைச் சொல்ல வேண்டியதில்லை, சாமியாடிதான் சொல்கிறார். சொல்லும் பாரம் இறங்குகிறது. கூடவே, செய்வினை, பக்கத்து வீட்டுக்காரி கண் என்று காரணத்தை வெளியே நட்டுவிட்டு அந்தக் குறி மேற்கொண்டு பேச்சுக்கு இடமில்லாமலும் செய்துவிடுகிறது.

ஒப்பாரியின் கதை இன்னும் நுட்பமானது. மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே தமிழ்நாட்டில் இழவு வீடுகளில் கேட்டறிந்து 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பது. கூடி அழும் பெண்கள் தத்தம் துயரத்தையே பாடுகிறார்கள் என்பது அவர் கண்டது. பிறந்த வீடு கைவிட்டது, புருஷன் கவனிக்காதது, பிள்ளை இல்லாதது எல்லாம் ஊர் முன்னிலையில், கட்டிப்பிடித்த இன்னொரு பெண்ணின் தோளில், ராகத்தோடு வெளிவரும். யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்லமாட்டார்கள். பாட்டு முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுக் காப்பித்தண்ணி குடிக்கலாம்.

இதைக் கொண்டாடிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஒப்பாரி வைக்க ஒரு பிணம் வேண்டும். உயிரோடு இருக்கும் புருஷனைப் பற்றி வாழும் வீட்டின் நடுவில் அப்படிப் பாட முடியாது. ஆண்களுக்கு அந்த வாசலும் இல்லை. அவர்களுக்கு இருப்பது டாஸ்மாக். தவிர, ஒலிபெருக்கியும் கூலிக்குப் பாடும் குழுவும் இழவு வீட்டுக்குள் வந்தபின், சொந்தக் கதையைப் பாடும் பெண்கள் அருகி வருகிறார்கள். மரபு தந்த இடங்கள் குறுகிக்கொண்டிருக்கும் வேளையில்தான் மனநல அறை வந்து சேர்ந்திருக்கிறது.

மானுடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கி எழுதி 1990இல் வெளியிட்ட நூலில், அன்பின் இயல்புகளுள் முதன்மையானதாக ‘அடக்கம்’ என்பதைக் குறிப்பிட்டார். பெற்ற பிள்ளையைக்கூட வெளிப்படையாக மெச்சாமல், கண் பட்டுவிடும் என்று அன்பை மறைத்து வைப்பது. அன்புக்கே இந்த விதி என்றால் கோபத்துக்கும் வெட்கத்துக்கும் சொல்லத் தேவையில்லை. ஆலோசகரின் ‘மனசுல இருக்கறத எதுவா இருந்தாலும் சொல்லுங்க’ என்பது, இந்த விதிகளெல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போய்விட்டதாகப் பாவித்துக் கேட்கப்படும் கேள்வி.

5. அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

இந்தியாவில் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது; பெல்லாரியில் நிம்ஹான்ஸ் செய்து பார்த்த முன்னோடி முயற்சிதான் அதற்கு அச்சு. தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியபின் அரசுகளின் கவனம் கூடியது. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பது 2019இல் வெளியான கணக்கு. மனநலக் குறைபாடு உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், குறைபாட்டின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு வரை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது.

இந்த எண்களைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மருத்துவர் குறித்த நாளில் மட்டும் வருவார். வெளியே நீண்ட வரிசை. மாத்திரை மாற்றலாமா, தூக்கம் வருகிறதா என்ற அளவில் பேச்சு முடிந்தாக வேண்டும். அடுத்த முறை வரும்போது வேறொருவர் அந்த நாற்காலியில் இருக்கலாம். கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை சொல்லவே நெஞ்சு உலர்ந்துபோகும் ஒன்றை மூன்று பேரிடம் மூன்று முறை யார் சொல்வார்கள்?

அதைவிடப் பெரிய தடை, உடன் வந்தவர். மாமியார் அழைத்து வந்த மருமகள், அண்ணன் அழைத்து வந்த தங்கை, மகன் அழைத்து வந்த தகப்பன். பேருந்துக்குக் காசு கொடுத்தவர், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், பெரும்பாலும் துயரத்தின் காரணங்களில் ஒருவர். ஆலோசகர் கேள்வியை நோயாளியிடம் கேட்பார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். ‘இவ எப்பவுமே இப்படித்தானுங்க, எதையாச்சும் யோசிச்சுக்கிட்டே இருப்பா.’ 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அதன் 23ஆம் பிரிவில் நோயாளிக்கு ரகசியக் காப்புரிமை தருகிறது. அந்த உரிமை மூன்றாவது நாற்காலியைத் தாண்டி உள்ளே வர முடிவதில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்ற அச்சமும் கற்பனையன்று. தற்கொலைக்கு முயன்றவர் தண்டனைக்குரியவர் என்ற, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது பொதுவான குற்றமாக நீடிக்கவில்லை. அதற்கு முன்பே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு அதன் பல்லைப் பிடுங்கியிருந்தது. ஆனால் போலீஸ் கேஸாகும் என்ற பேச்சு ஊரில் மறையவில்லை. பூச்சிமருந்து குடித்து இறந்தவர் பற்றிய நாளிதழ்ச் செய்தியில் ‘தீராத வயிற்று வலி’ என்ற தொடர் எத்தனை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது! உயிரோடு இருக்கும்போது ‘வயித்தப் பிசையுது’ என்றவர், இறந்தபிறகும் வயிற்று வலியாகவே பதிவாகிறார்.

6. தெரிந்த முகமா, தெரியாத முகமா?

ஈழத்தமிழர் மனநலத் துறைக்கு ஆக்கிய சொற்கள் இங்கே உதவக்கூடும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இணைந்தவர்களும் மருத்துவத்தைத் தமிழிலேயே பேசியாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள். ‘மனவடு’ அந்தக் கட்டாயத்தில் நிலைபெற்ற சொல். காயம் ஆறினாலும் தழும்பு நிற்கும் என்பதை அது விளக்கமின்றியே சொல்லிவிடுகிறது. தமிழ்நாடு ‘கவுன்சிலிங்’ என்று விட்டுவிட்டதை அவர்கள் உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல் என்றெல்லாம் அழைக்கிறார்கள். கடைசிச் சொல்லுக்குத் தமிழ்நாட்டிலும் புழக்கம் உண்டு. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டுதல். பரிசில் பெற்று வரும் ஒருவன் எதிர்ப்படும் வறியவனுக்குத் தான் போய் வந்த வழியைச் சொல்வது ஆற்றுப்படை. அந்த வகையில் மனிதனைக் கடவுளிடம் அனுப்பும் திருமுருகாற்றுப்படையில் இடம்பெறும் தலங்களில் பழனியடிவாரத்து ஆவினன்குடியும் உண்டு. வழி சொல்பவன் தானும் அந்த வறுமையில் இருந்தவன் என்பதுதான் இந்த வடிவத்தின் உயிர்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா உருவாக்கிய ‘நட்பு பெஞ்ச்’ கிட்டத்தட்ட இதே கருத்தில் நடப்பது. சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து கேட்கிறார்கள். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல் அங்கே முன்னால் வருவதில்லை. ‘ரொம்ப யோசிப்பது’ என்று பொருள்படும் ‘குஃபுங்கிசிசா’ என்ற ஷோனா மொழிச் சொல்லிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. நம் ஊர் மாமியாரின் குற்றச்சாட்டே அங்கே சிகிச்சையின் முதல் சொல்! 2016இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இந்த முறையில் பேசியவர்களின் அறிகுறிகள் வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. கோவாவில் மருத்துவரல்லாத ஆலோசகர்களை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வும் இத்திசையிலேயே நிற்கிறது.

அப்படியானால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வரும் உள்ளூர்ப் பெண்ணையே தொப்பம்பட்டியின் தோழியாக்கிவிடலாமா? அவசரப்படக் கூடாது. தெரிந்த முகத்திடம் வாய் திறக்கும் என்பது உண்மை. தெரிந்த முகம் ஊருக்குள் நடமாடும் முகம் என்பதும் உண்மை. சாதியும் உறவும் வட்டிக்கடனும் பின்னிக் கிடக்கும் ஊரில், ‘அவகிட்டச் சொன்னா பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்’ என்ற கணக்கு நியாயமானதே. 1986இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா போன்ற தொலைபேசித் தொண்டுகளும், 2022 அக்டோபர் முதல் இயங்கும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணும் முகமே இல்லாத காதைத் தருகின்றன. சிலருக்கு அதுவே வசதி. செல்போன் புருஷன் கையில் இருக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

பேசாமலே ஆறுவதும் உண்டு என்று சிலர் வாதிடலாம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் குணம் வேண்டி 2000ஆம் ஆண்டு தங்கிய 31 பேரை ராகுராம் குழுவினர் ஆராய்ந்தபோது, தனிச் சடங்கோ மருந்தோ இன்றியே அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு; வந்தவர்களும் தீவிர மனநோய் உடையவர்கள். ஆனாலும் அங்கே அவர்களுக்கு வாரக்கணக்கில் இடமும் நேரமும் இருந்தன என்பதை ஒதுக்க முடியாது.

மூன்று விளக்கங்களையும் எடைபோட்டால், முதலாவது சிலருக்கே பொருந்தும். இரண்டாவது பாதி உண்மை; சிகிச்சையளிப்பவர் கையை விரிக்க அது வசதியாக இருப்பதாலேயே அதைச் சந்தேகத்தோடு அணுக வேண்டும். மூன்றாவதைச் சரிசெய்யும் பொறுப்பு நோயாளியிடம் இல்லை, நிர்வாகத்திடம் இருக்கிறது. ஒரே ஆலோசகர் தொடர்ந்து பார்ப்பதற்குப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், அதற்குப் பணமும் காலமும் பிடிக்கும். ‘என்ன உணர்கிறீர்கள்?’ என்பதற்குப் பதிலாக ‘நெஞ்சு எப்பவெல்லாம் அடைக்குது? அப்ப வீட்டுல யாரு இருப்பாங்க?’ என்று தொடங்கப் பயிற்சி போதும். உடன் வந்தவரைக் கால்மணி நேரம் வெளியே உட்காரச் சொல்வதற்கோ, கதவுக்கு அப்பால் ஒரு பெஞ்ச் போட்டால் போதும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அதை நாளைக் காலையிலேயே செய்யலாம்.